டைம்கீப்பர் கண்ட குறை

எழுபத்தெட்டுச் சூறாவளி எங்கள் வாசிகசாலையின் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. அது எங்கே போய் விழுந்தது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. புத்தக அலுமாரிகள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று விடியும்வரை மழையில் நனைந்தன. ஊரில் பாதி வீடுகள் தரையில் கிடக்கும்போது புத்தகத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? ஒரு கிழமை கழிந்துதான் கமிட்டிக்காரர்கள் அவற்றை வெளியே எடுத்துப் பள்ளிவாசல் வளவில் பாய் விரித்துக் காயப் போட்டார்கள். காய்ந்த புத்தகம் ஒவ்வொன்றும் பொரித்த பப்படம்போல வீங்கியிருந்தது. இனி இவை அலுமாரிக்குள் அடங்காது, விரும்பியவர்கள் கொண்டுபோகலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கதைப் புத்தகங்களை ஆட்கள் முதலிலேயே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மார்க்கப் புத்தகங்கள் மத்ரஸாவுக்குப் போயின. வாப்பா வேலை முடிந்து போய்ச் சேர்ந்தபோது ஒருவருக்கும் வேண்டாதவைதான் பாயில் மிச்சம். பயணப் புத்தகங்கள், நோய் வருத்தம், மருந்து பற்றிய புத்தகங்கள், ஊர் வழக்கங்களைப் பற்றிப் படித்தவர்கள் எழுதியவை. வாப்பா அத்தனையையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டிச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். சாக்கைக் கண்டதும் உம்மா குசினிக்குள் இருந்து ஓடி வந்தார். நிவாரண அரிசி என்று நினைத்துவிட்டார். சாக்கை அவிழ்த்துப் பார்த்த பிறகு அன்றைக்கு முழுக்க அவர் வாப்பாவோடு கதைக்கவில்லை.

வாப்பா கல்முனை பஸ் நிலையத்தில் டைம்கீப்பர். ஒரு தகரக் கூட்டுக்குள் விசிலோடு உட்கார்ந்து கொழும்புக்கும் பொத்துவிலுக்கும் மட்டக்களப்புக்கும் பஸ்களை அனுப்பிக்கொண்டிருப்பதுதான் அவருடைய வேலை. ஊரெல்லாம் ஏற்றி அனுப்பிவிட்டு அவர் சைக்கிளில் வீட்டுக்கு வருவார். மட்டக்களப்புக்கு அப்பால் அவர் போனதே இல்லை. கொழும்பைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் பஸ் அங்கே போய்ச் சேரும் நேரம் மட்டும்தான். அப்படிப்பட்ட மனிதருக்குப் பயணப் புத்தகத்தில் ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை.

புத்தகத்தைக் கொண்டுபோனவர்களுக்கு வாசிகசாலை ஒரு நிபந்தனை போட்டிருந்தது. படித்து முடித்ததும் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும். அதை வெளிச்சுவரில் உள்ள பலகையில் ஒட்டுவார்கள். ஊருக்குப் புத்தகம் இல்லாமல் போய்விட்டது, உள்ளே என்ன இருந்தது என்றாவது ஊர் தெரிந்துகொள்ளட்டுமே என்று. நல்ல யோசனைதான். கதைப் புத்தகம் கொண்டுபோனவர்களில் இரண்டொருவர் ஒரு தரம் எழுதினார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் நிபந்தனை என்றால் அப்படித்தான். வாப்பா மட்டும் அதைக் கடமையாக எடுத்துக்கொண்டார். கிழமைக்கு ஒரு புத்தகம் படிப்பார். வியாழக்கிழமை இஷாத் தொழுகைக்குப் பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். அவருடைய கையெழுத்து ஓடுகிற பஸ்ஸில் வைத்து எழுதினதுபோல இருக்கும். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு, கையெழுத்துக்குப் பரிசு வாங்கினவள்.

வாப்பாவின் விமர்சனத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லுவார். பிறகு அதில் தனக்குப் பிடித்தது. கடைசியில் "ஒரு குறை" என்று எழுதச் சொல்லுவார். எவ்வளவு நல்ல புத்தகமானாலும் அந்தக் குறை இல்லாமல் முடிக்கமாட்டார். ஜும்ஆ முடிந்து வருகிறவர்கள் பலகைக்கு முன்னால் நின்று மேலே உள்ளதை விட்டுவிட்டு நேரே அந்தக் கடைசி வரிக்குப் போவார்கள். இந்தக் கிழமை டைம்கீப்பர் என்ன குறை கண்டார் என்பது கொஞ்சக் காலம் எங்கள் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் ஒரு கதையாகவே இருந்தது.

இலங்கையைச் சுற்றிப் பார்த்த ஒருவர் எழுதிய புத்தகம் ஒன்று சாக்கில் இருந்தது. அறுகம்பேயில் வெள்ளைக்காரர்கள் பலகையில் ஏறி அலையில் சறுக்குவதைப் பற்றி அவர் நாலு பக்கம் எழுதியிருந்தார். அங்கே போவதற்கு எங்கள் ஊரைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும், ஆனால் கல்முனைக்கு அவர் கொடுத்தது ஒரே ஒரு வரி. வாப்பா சொன்ன குறை: "ஆசிரியர் கல்முனையைக் கடக்கும்போது நித்திரையாக இருந்திருக்கிறார். அவர் வந்த பஸ்ஸை அனுப்பியவன் நான். அந்த பஸ் இங்கே நெடுநேரம் நிற்கும். இறங்கித் தேநீர் குடித்திருக்கலாம்." அதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்து மை கொட்டிவிட்டது. வாப்பா சிரிக்கவில்லை. அவருக்கு உண்மையாகவே மனவருத்தம்.

எங்கள் பகுதி முஸ்லிம்களின் வழக்கங்களைப் பற்றிப் படித்த ஒருவர் எழுதிய புத்தகமும் இருந்தது. குடிமரபு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வது, கந்தூரி எல்லாம் விரிவாக எழுதியிருந்தார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் பயணத்துக்கு முன் சொந்தக்காரர்களின் வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்பார்கள். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பதுதான் அது. புத்தகத்தில் அதற்கு ஒரு வசனம்: உறவினர் அவர்களுக்கு விருந்தளித்து வழியனுப்புவர். வாப்பாவுக்கு அது போதவில்லை. விருந்து என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டார், அந்த விருந்தில் என்ன வைப்பார்கள், எப்படி வைப்பார்கள், வேண்டாம் என்றால் என்ன நடக்கும் என்று எழுதவில்லை என்று குறை சொன்னார். அந்த நேரம் அது எங்களுக்குச் சிரிக்க ஒரு பகிடி.

பிறகு வாப்பாவுக்கு நீரிழிவு என்கிற சீனி வருத்தம் வந்தது. கண்டுபிடித்த அன்றைக்கே அவர் சாக்கைக் கிளறி அந்த வருத்தத்தைப் பற்றிய புத்தகத்தைத் தேடி எடுத்தார். இந்தியாவில் அச்சடித்தது. காலை என்ன சாப்பிடலாம், பகல் என்ன சாப்பிடலாம் என்று அட்டவணை போட்டு எழுதியிருந்தது. சப்பாத்தியைக் கண்ணாலும் காணாத ஊரில் அவர் மூன்று வேளையும் சப்பாத்தி சாப்பிடச் சொல்கிறார் என்று வாப்பா நக்கலடித்தார். ஆனாலும் அந்தப் புத்தகத்தை மதித்தார். சோற்றைக் குறைத்தார். தேநீருக்குச் சீனியை விட்டார். கால் மரத்துப் போகும், சூடும் குத்தும் தெரியாது, அதனால் ஒருபோதும் வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்று அதில் எழுதியிருந்தது. அதை வாசித்ததிலிருந்து வீட்டுக்குள்ளும் செருப்புப் போட்டார். உம்மா கூட்டிப் பெருக்கிய தரையில் செருப்புச் சத்தம் கேட்டால் உம்மாவுக்கு நெஞ்சு எரியும், ஆனாலும் பொறுத்துக்கொண்டார்.

அந்தப் புத்தகத்துக்கு அவர் சொன்ன குறை எனக்கு இன்றைக்கும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. "இனிப்பு வேண்டாம் என்று ஆசிரியர் பல இடங்களில் சொல்கிறார். வைத்துத் தருகிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்வது எப்படி என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை."

ஓய்வு பெற்றதும் வாப்பா ஹஜ்ஜுக்குப் பெயர் கொடுத்தார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களை அனுப்பினவருக்கு இருந்த ஒரே பயண ஆசை அதுதான். மருதமுனையில் தெரிந்த ஒருவரிடம் சொல்லி, ஹஜ்ஜில் உடுக்கும் இஹ்ராம் துணி இரண்டு நெய்வித்தார். சாக்கில் ஹஜ் பயணத்தைப் பற்றி மூன்று புத்தகங்கள் இருந்தன. மூன்றையும் அவர் திரும்பத் திரும்பப் படித்தார். கஃபாவை ஏழு சுற்றுச் சுற்றவேண்டும், அதுவும் வெறுங்காலோடு, வெயிலில். அந்தத் தரை சுடுமா சுடாதா? வாப்பாவுக்கு அது அறியும் ஆசையல்ல, தேவை. அவருடைய காலுக்குச் சூடு தெரியாது. தரை சுட்டால் அவருக்குத் தெரியாமலே தோல் வெந்துவிடும்.

மூன்று புத்தகங்களிலும் அது இல்லை. கப்பல், விமானம், தங்கிய விடுதி, மன்னர் கொடுத்த விருந்து எல்லாம் இருந்தது. தரையைப் பற்றி ஒரு சொல் இல்லை. மூன்று விமர்சனத்திலும் வாப்பா ஒரே குறையை எழுதச் சொன்னார்: "தரை சுடுமா என்று ஆசிரியர் எழுதவில்லை." போய் வந்த ஹாஜிமாரிடமும் கேட்டார். ஒருவர் சுடும் என்றார். இன்னொருவர் குளிராக இருந்தது என்றார். மூன்றாமவர் வாப்பாவை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, அல்லாஹ்வின் வீட்டுக்குப் போய் ஆராவது காலைப் பற்றி நினைப்பார்களா என்று கேட்டார். வாப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கு அந்த ஹாஜியாரின் தொப்பியைப் பிடுங்கி எறியவேண்டும்போல இருந்தது.

நோன்புப் பெருநாள் கழிந்து வாப்பா மாப்புக் கேட்கப் புறப்பட்டார். நானும் உம்மாவும் கூடப் போனோம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே சடங்கு. வாப்பா, நான் ஏதும் பிழை செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பார். அவர்கள் நாங்களும் உங்களுக்குப் பிழை செய்திருப்போம் என்று கண் கலங்குவார்கள். பிறகு உள்ளே இருந்து தட்டு வரும். தொதலோ, மஸ்கட்டோ, சீனி மினுங்கும் பனியாரமோ இருக்கும். ஹஜ்ஜுக்குப் போகிறவர் தொட்ட சாப்பாடு அந்த வீட்டுக்குப் பறக்கத்து, அருள். அதனால் இருப்பதிலேயே இனிப்பானதைத்தான் வைப்பார்கள். முதல் வீடுகளில் உம்மா அவருக்குச் சீனி வருத்தம் என்று சொல்லிப் பார்த்தார். சொன்ன இடத்தில் எல்லாரும், ஒரு வாய்க்கு ஒன்றும் ஆகாது என்றார்கள். ஊர் முழுக்க ஒவ்வொரு வாய்! அவர்கள் எல்லாரும் நல்ல மனிதர்கள், அன்பானவர்கள். எனக்கு இன்னும் அவர்கள் மேல் கோபம் தீரவில்லை.

வாப்பா பயந்து பயந்து தள்ளித் தள்ளிப் போட்ட வீடு நிந்தவூரில் இருந்தது. அது அவருடைய ஒரே தங்கையான என் மாமியின் வீடு. எனக்கு மூத்தவளான ராத்தாவைத் தன் மகனுக்குக் கேட்டார் மாமி. வாப்பா வேறு இடத்தில் கொடுத்துவிட்டார். அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. பெருநாளைக்கும் இல்லை, யாரும் இறந்த மௌத்து வீட்டிலும் இல்லை. மாமி மாப்புத் தராவிட்டால் ஹஜ்ஜே நிறைவாகாது என்று வாப்பா நம்பினார். நிந்தவூர் போகும் பஸ்ஸில் அவர் ஓதிக்கொண்டே வந்தார்.

மாமியின் வீட்டு வேலிக் கடப்படிக்கு வந்ததும் வாப்பா செருப்பைக் கழற்றிவிட்டார். ஏன் என்று உம்மா கேட்டதற்கு, பிழை பொறுக்கக் கேட்டு வருகிறவன் செருப்போடு வளவுக்குள் போவது சரியில்லை என்றார். அது எங்கள் வழக்கமில்லை. அவராக அந்த நேரம் நினைத்துக்கொண்டது. மாமி வாசலில் நின்றுகொண்டிருந்தார். வாப்பா அவரையே பார்த்தபடி மணல் வளவில் நேராக நடந்து போனார். நானும் உம்மாவும் எங்கள் செருப்போடு பின்னால் போனோம். வளவு கூட்டி எரித்த சருகுக் குவியல் நடுவில் கிடந்தது. மேலே சாம்பல் பூத்திருந்தது, ஓரத்தில் மெல்லிசாகப் புகைந்தது. வாப்பா அதற்கு மேலாலே நடந்து போனார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

மாமி அழுதார். வாப்பாவும் அழுதார். வாப்பா அழுததை நான் அதற்கு முன் கண்டதில்லை. அவர் மாப்புக் கேட்டு முடிக்க முதலே மாமி அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் முட்டையும் சர்க்கரையும் கலந்து அவித்த வட்டிலப்பத்தோடு ஒரு கோப்பை நிறையக் கொண்டுவந்தார். மேலே முந்திரிப் பருப்பும் தூவியிருந்தது. வாப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே அதில் உயிர். அது மாமிக்குத் தெரியும், அதற்காகவே செய்திருந்தார்.

உம்மா வருத்தத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். மாமி அவரைப் பார்க்கவில்லை.

"காக்கா, அல்லாவுக்காக நான் ஒங்கள மாப்புச் செஞ்சிட்டன். ஆனா இதத் திண்டுட்டுத்தான் போகணும். திங்காமப் போனா ஒங்கட மனசுல இன்னும் கோவம் இரிக்கி எண்டுதான் நான் நெனைப்பன்."

வாப்பா கோப்பையை வாங்கினார். கரண்டியால் வழித்து வழித்து முழுவதையும் சாப்பிட்டார். மாமி பக்கத்தில் இருந்து அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் கண்டேன். அதனால்தான் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் சண்டை பிடித்தேன். விளங்கப்படுத்தியிருந்தால் மாமி விளங்கிக்கொண்டிருப்பாரே என்று கேட்டேன். வாப்பா நெடுநாளைக்குப் பிறகு மனம் விட்டுச் சிரித்தார். "அந்தச் சீனி வருத்தப் புத்தகத்துல அந்தப் பக்கத்த அவர் எழுதல்லயே, மகள்" என்றார்.

மஃரிபுத் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்யும்போது உம்மாதான் முதலில் கண்டார். வலது உள்ளங்காலில் தோல் வெந்து, பெரிய கொப்புளம் உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. உம்மா கத்திக்கொண்டு அதைத் தொட்டார். வாப்பா நோகவில்லை என்றார். நோகவில்லை என்பதுதான் பயங்கரம் என்று அந்தப் புத்தகத்தின் விமர்சனத்தை எழுதிக் கொடுத்த எனக்குத் தெரியும். காலில் சாம்பல் ஒட்டியிருந்தது. புகைந்துகொண்டிருந்த சருகுக் குவியல் என் கண்ணுக்குள் வந்தது. நான் அதைச் சொன்னேன். வாப்பா ஒட்டியிருந்த சாம்பலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்.

"இது ஒங்கட மாமிர காதுக்குப் போகப்படாது. மாப்புத் தந்த வீடு அது. எனக்கு என்ன நடந்தாலும் செல்லப்படாது, வெளங்கிச்சா?"

உம்மா ஓம் என்றார். என்னையும் ஓம் சொல்ல வைத்த பிறகுதான் தொழப் போனார்.

பயணத்துக்கு இன்னும் சில கிழமைகள்தான் இருந்தன. காயத்தைக் காட்டினால் போக விடமாட்டார்கள் என்று வாப்பா பயந்தார். களிம்பு பூசித் துணியால் சுற்றி, மேலே காலுறை போட்டு மறைத்துக்கொண்டு மிச்ச வீடுகளுக்கும் போனார். மிச்ச வீட்டுத் தட்டுகளும் வந்தன. உடம்பில் சீனி ஏறியது, காயம் காயவில்லை. பெருவிரல் கறுத்த பிறகுதான் ஆசுபத்திரிக்குப் போகச் சம்மதித்தார். அதற்குள் விரலோடு முடிகிற காரியமாக அது இருக்கவில்லை. உயிரைக் காப்பாற்ற முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

ஹாஜிமார் ஏறின பஸ் எங்கள் பஸ் நிலையத்திலிருந்துதான் புறப்பட்டது. வாப்பா அப்போது வார்ட்டில் இருந்தார். ஊர் முழுக்கத் திரண்டு போய்ச் சலவாத்துச் சொல்லி வழியனுப்பிய சத்தம் ஆசுபத்திரிவரை கேட்டது. நான் பஸ் நிலையத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு அவரிடம் வந்தேன். பஸ் நேரத்துக்கு வெளிக்கிட்டதா என்று கேட்டார். கொஞ்சம் பிந்தித்தான் வெளிக்கிட்டது என்றேன். புதிய டைம்கீப்பருக்கு விசில் ஊதக்கூடத் தெரியாது என்று ஏசினார். ஏசிக்கொண்டே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு வாப்பா புத்தகத்தைத் தொடவில்லை. வாசிகசாலையிலிருந்து ஆள் அனுப்பி, பலகை வெறுமையாகக் கிடக்கிறது, டைம்கீப்பர் ஏதாவது எழுதித் தரமாட்டாரா என்று கேட்டார்கள். வாப்பா தலையாட்டி வேண்டாம் என்றார். சாக்கைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார். கிழமைக்கு ஒரு தரம் நிந்தவூரிலிருந்து மாமி வருவார். இப்போது வருத்தத்தைப் பற்றி ஊருக்கே தெரியும். அதனால் பாகற்காய்க் கறியும் குரக்கன் மாப் பிட்டும் கொண்டுவருவார். வாப்பாவின் இல்லாத காலடியில் உட்கார்ந்து, இப்படி ஒரு புண் எங்கேயிருந்து வந்தது காக்கா என்று அழுவார். வழியில் ஏதோ குத்தியிருக்கும் என்பார் வாப்பா. நான் குசினிக்குள் போய்ச் சட்டி பானையை ஓங்கி ஓங்கி வைப்பேன். அண்ணனும் தங்கையும் பல வருசத்துப் பேச்சைச் சேர்த்துப் பேசுவது அந்தச் சத்தத்துக்குள்ளும் கேட்கும். மாமி மௌத்தாகும்வரை அவருக்கு நாங்கள் சொல்லவில்லை.

அதற்கிடையில் ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான், ஜித்தாவுக்கு டிரைவராகப் போனார். முதல் வருசம் தன்னுடைய ஹஜ்ஜைச் செய்தார். தன் கடமையை முடித்தவர், போக முடியாத இன்னொருவருக்காகப் போகலாம். அடுத்த வருசம் வாப்பாவின் பெயரால் ஹஜ் செய்கிறேன் என்று எழுதியிருந்தார். கடிதத்தை நான் வாசித்தபோது வாப்பா இன்னொரு தரம் வாசி என்றார். பிறகு உம்மாவிடம் சொல்லி, மருதமுனையில் நெய்வித்த துணி இரண்டையும் பெட்டியிலிருந்து எடுக்கச் செய்தார். அங்கே போகிற ஒருவரிடம் அதைக் கொடுத்தனுப்பினோம். கூடவே ஒரு கடிதமும் எழுதச் சொன்னார். துஆக் கேட்கச் சொல்லவில்லை, ஸம்ஸம் கேட்கவில்லை. கஃபாவைச் சுற்றித் தவாபு செய்யும்போது தரை சுடுகிறதா என்று கவனித்து வந்து சொல்லவேண்டும் என்பது மட்டும்தான் கடிதம்.

மச்சான் விடுமுறையில் வந்தது மாரி தொடங்கும் காலம். அந்த யுத்த வருசங்களில் றோட்டில் பயணம் லேசானதல்ல, கொழும்பிலிருந்து வழிநெடுகச் சோதனைக்காக இறங்கி ஏறி, ஒருநாள் பிந்தித்தான் வந்து சேர்ந்தார். புலிப்படம் போட்ட கம்பளி, ஸம்ஸம் தண்ணீர்க் கேன், ஈத்தம்பழம் எல்லாம் கொண்டுவந்தார். துணியையும் துவைத்து மடித்துத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். வாப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து சனக்கூட்டம், கூடாரங்கள், அறபாவின் வெயில் என்று எல்லாவற்றையும் சொன்னார். வாப்பா ஒன்றையும் இடைமறிக்கவில்லை. புத்தகம் படிக்கும்போது இருப்பதுபோலவே கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். மச்சான் சொல்லி முடித்த பிறகு கேட்டார்.

"மகன், தர சுட்டதா?"

மச்சான் மடியில் இருந்த துணியைப் பார்த்தார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். அந்த நேரத்தில் அவருக்கு அது தெரிந்திருக்கக் கூடாதா என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"மாமா, போற வழியெல்லாம் அத நெனச்சிக்கிட்டுத்தான் போனன். உள்ளுக்குப் போயி அந்த வீட்டக் கண்ட ஒடன எல்லாம் மறந்து போச்சி. ஒங்கட பேரச் செல்லிச் செல்லிச் சுத்தினன். அழுகதான் வந்த. காலு எங்க இரிந்த எண்டே எனக்குத் தெரியா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். ஒரு மனிதர் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் மறந்துவிட்டு வந்து ஈத்தம்பழம் நீட்டுகிறார். உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். வாப்பா கையை நீட்டி மச்சானின் தோளைத் தொட்டார்.

"பறவாயில்ல மகன். அப்ப அந்தப் புத்தகம் எழுதினவங்களுக்கும் இப்பிடித்தான் நடந்திரிக்கும்."

மச்சான் குளிக்கப் போன பிறகு வாப்பா என்னைத் தாளும் பேனையும் எடுத்துவரச் சொன்னார். இத்தனை காலத்துக்குப் பிறகு அவர் அதைக் கேட்டது எனக்குச் சந்தோசமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்தச் சந்தோசத்தில் நான் கதவில் இடித்துக்கொண்டேன். சாக்கை இழுத்து எடுக்கவா என்று கேட்டேன். தேவையில்லை, புத்தகம் வேண்டாம் என்றார். முன்புபோலவே நான் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்துக்கொண்டேன். வாப்பா நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"ஹஜ் பயண நூல்கள் மூன்றைப் பற்றி நான் முன்னர் எழுதிய குறையை வாபஸ் வாங்குகிறேன். அங்கே போனவர்களுக்குக் கால் நினைவில் இருப்பதில்லை என்று இப்போது அறிகிறேன். போகாதவனுக்கு மட்டுமே அது நினைவில் இருக்கிறது. ஆசிரியர்கள் மூவரும் என்னை மாப்புச் செய்யவேண்டும்."

கடைசி வசனத்தை எழுதும்போது எழுத்து எனக்குக் கலங்கித் தெரிந்தது. பரிசு வாங்கின கையெழுத்து வளைந்து வளைந்து போனது. பழக்கத்தில் நான் ஒரு வரி விட்டு, கீழே "ஒரு குறை" என்று எழுதி அவருடைய முகத்தைப் பார்த்தேன். வாப்பா வேண்டாம் என்றார். அதை வெட்டிவிட்டுக் கையெழுத்துப் போடக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னால் மச்சான் அதைக் கொண்டுபோய்ப் பலகையில் ஒட்டினார்.